இ-பாஸும் மலைமக்களின் மனமும்: நீலகிரியில் சுற்றுலா குறித்த உள்ளூர் நிலைப்பாடுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி மாவட்டத்தில் கடையடைப்பு நடந்தது. வெளியூர் வாகனங்கள் மலைக்கு வர இணையத்தில் முன்பதிவு செய்து பெற வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் நடைமுறையைக் கைவிட வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளை முன்வைத்து வணிகர்கள் விடுத்த அழைப்பை ஏற்று, கோடை சீசன் தொடங்கும் வேளையிலேயே ஊட்டி, குன்னூர் போன்ற ஊர்களின் கடைவீதிகள் ஒரு நாள் முழுவதும் மூடிக் கிடந்தன. அதற்கு முந்தைய நாள்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது. ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை, வார நாட்களில் 6,000 சுற்றுலா வாகனங்களும் வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்களும் மட்டுமே நீலகிரிக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்று நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி ஆகியோர் அடங்கிய அமர்வு மார்ச் மாதம் உத்தரவிட்டது. கொடைக்கானலுக்கு இந்த எண்ணிக்கை முறையே 4,000, 6,000.

கடையடைப்புச் செய்தியைப் படித்த சமவெளிக்காரர், ‘உள்ளூர் மக்கள் கட்டுப்பாட்டை எதிர்க்கிறார்கள்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதே ஆண்டு மே மாதத்தில் குன்னூர் மலைப்பாதையின் நெரிசலைப் பற்றிப் படித்தவர், ‘உள்ளூர் மக்கள் சுற்றுலாவால் அவதிப்படுகிறார்கள்’ என்ற முடிவுக்கு வந்திருப்பார். இரண்டும் உண்மைதான், பல வீடுகளில் இவ்விரண்டு மனநிலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நீலகிரி மக்கள் சுற்றுலாவை ஆதரிக்கிறார்களா எதிர்க்கிறார்களா என்று ஒற்றை அளவுகோலால் கேட்பதே இந்த விவாதத்தைத் தொடர்ந்து திசைதிருப்புகிறது என்பதும், எந்த மாதத்தில், எந்தச் சாலையில், யார் எடுத்த முடிவின் வழியாகச் சுற்றுலா அவர்களைத் தொடுகிறது என்பதைக் கொண்டே அவர்களுடைய நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உத்தரவு பிறந்த விதம்

இ-பாஸ் திடீரென வந்ததல்ல. மலைப்பகுதிகளின் சுற்றுச்சூழல் தொடர்பான வழக்குகளை விசாரித்து வந்த இதே அமர்வின் முன்பு, 2024 கோடைக்கு முன்னர் அரசுத் தரப்பு ஒரு கணக்கை அளித்தது. சீசன் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 11,500 கார்கள், 1,300 வேன்கள், 600-க்கும் மேற்பட்ட பேருந்துகள், 6,500 இருசக்கர வாகனங்கள் என ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்றது அந்தக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 7,35,394. ஊட்டி நகரத்தின் மக்கள்தொகை 90,000-க்கும் குறைவு. வரும் வாகனங்களில் பெரும்பகுதி அந்த ஒரு நகரத்தின் சேரிங்கிராஸ், தாவரவியல் பூங்கா, படகு இல்லம் ஆகிய சில கிலோமீட்டர் பரப்புக்குள் வந்து குவிகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நீதிபதிகள் அதிர்ச்சி அடைந்ததில் வியப்பில்லை.

எவ்வளவு பேரை, எத்தனை வாகனங்களை மலை தாங்கும் என்ற தாங்குதிறனைக் கணிக்கும் ஆய்வைச் சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் மேற்கொள்ளவிருந்தன. அந்த முடிவு வரும்வரை இடைக்கால ஏற்பாடாக, 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. முதல் ஆண்டில் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் அனுமதி கிடைத்தது. யார், எத்தனை பேர், எத்தனை நாள் தங்க வருகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டுவதே அப்போதைய நோக்கம். மாவட்டப் பதிவெண்ணான டிஎன் 43 கொண்ட வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கும் இ-பாஸ் தேவையில்லை. இந்தக் கடைசி விலக்குதான் உத்தரவின் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி என்று நான் கருதுகிறேன். விவாதத்தில் அது ஏறக்குறைய பேசப்படவே இல்லை.

வரம்பு வந்த 2025-இல்தான் எதிர்ப்பு கூர்மையடைந்தது. மாநில அரசும் உத்தரவை மறுஆய்வு செய்யக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

விருந்தினருக்காகவே எழுந்த நகரம்

உள்ளூர் மக்களின் மனப்போக்கை ஆராய்பவர்கள் வழக்கமாக ஜார்ஜ் டாக்ஸி 1975-இல் முன்வைத்த படிநிலைக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவார்கள். பயணிகள் வரத் தொடங்கும்போது ஊர் மகிழ்ச்சியோடு வரவேற்கும். பிறகு அது பழகிப்போய்க் கண்டுகொள்ளாமை வரும். கூட்டம் பெருகும்போது எரிச்சலும், இறுதியில் பகைமையும் தலைதூக்கும் என்பது அதன் சாரம். ஐரோப்பியக் கடலோர ஊர்கள் சிலவற்றுக்கு இது பொருந்தக்கூடும். நீலகிரிக்கு முதல் படியே பொருந்தவில்லை.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, அந்த மேட்டுநிலம் தோடர் பழங்குடியினரின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. படுகர்களும் கோத்தர்களும் தத்தம் ஊர்களில் வாழ்ந்துவந்தார்கள். வெயிலிலிருந்து தப்பி வந்த வெள்ளையரின் ஓய்வுக்காக ஏரி வெட்டப்பட்டது. 1848-இல் தாவரவியல் பூங்காவுக்கான வேலை தொடங்கியது. 1896-இல் மலர்க் கண்காட்சி வந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் மலை ரயில் ஏறியது. வரவேற்பதா வேண்டாமா என்று அங்கிருந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. இன்று ஊட்டி நகரத்தில் வாழ்பவர்களில் கணிசமானோர் அந்த விருந்தோம்பலுக்கு வேண்டிய வேலைகளைச் செய்வதற்காகவும், தோட்டங்களுக்காகவும் ஆலைகளுக்காகவும் மேலே வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆகவே இந்த ஊரில் சுற்றுலாவைச் சார்ந்திருப்பதும் அதன்மீது சலிப்படைவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த படிகளல்ல. தொடக்கத்திலிருந்தே அவை உடன்பிறந்தவை.

தேயிலை கைவிட்ட இடத்தில்

கடையடைப்புக்குப் பின்னால் இருந்த அச்சத்தை வணிகரின் பேராசை என்று ஒதுக்குவது நியாயமாகாது. நீலகிரியில் வேறு வருமானம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தால்தான் அந்த அச்சம் விளங்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலையான சம்பளம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நலிந்து மூடப்பட்டது. சிறு தேயிலை விவசாயிகளின் நிலை அதைவிட நீண்ட துயரம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்ற கோரிக்கை தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து ஓயவில்லை. 2023 செப்டம்பரில் கோத்தகிரி வட்டாரத்தில் படுகர் விவசாயிகள் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2001-இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் குறைந்திருக்கிறது என்பதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். மக்கள் பெருகும் மாநிலத்தில் ஒரு மாவட்டம் மட்டும் மக்களை இழக்கிறதென்றால், அங்கே பிழைப்பு போதவில்லை என்பதே பொருள்.

அந்த இடைவெளியைத்தான் சுற்றுலா நிரப்பியது. ஒரு ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கோயம்புத்தூரில் படிக்கவைக்க இயலாத குடும்பத்தில் ஒருவர் கடன் வாங்கி டாக்சி எடுத்தார். இன்னொருவர் வீட்டின் மாடியைக் காட்டேஜாக மாற்றினார். டாக்சி ஓட்டுநரின் ஆண்டுக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் சவாரி வற்றிவிடும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் கொஞ்சம் கைகொடுக்கும். பிறகு டிசம்பர் கடைசி வாரமும் பொங்கல் விடுமுறையும். வண்டியின் மாதத் தவணையோ பன்னிரண்டு மாதமும் ஒன்றேதான். மழை மாதங்களின் தவணையை மே மாதத்தில் சம்பாதித்து வைத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம், சரியாக ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகனக் கட்டுப்பாடு என்று சொன்னால் அவர் அதைச் சுற்றுச்சூழல் நடவடிக்கையாகக் கேட்பதில்லை. தவணை தவறும் அறிவிப்பாகவே கேட்கிறார். ஊட்டியின் மொறுமொறுப்பான தின்பண்டமான வர்க்கியைச் சுடுபவர், சாக்லேட் கடைக்காரர், தைல வியாபாரி, குதிரைச் சவாரிக்காரர் ஆகிய அனைவருக்கும் இதே கணக்குதான்.

கொரோனா காலத்தின் நினைவும் இதனோடு சேர்ந்துகொண்டது. 2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளிலும் மலர்க் கண்காட்சி நடைபெறவில்லை. மற்ற மாவட்டங்களில் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் நீலகிரிக்கு வர இ-பாஸ் தேவைப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் அடமானம் போன நகைகளை இன்னும் மீட்காத குடும்பங்களுக்கு, நான்கே ஆண்டுகளில் அதே அனுமதிச் சீட்டு திரும்பி வந்தது எப்படி இருந்திருக்கும் என்பதை நிர்வாகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேறு வடிவில் இதே கட்டுப்பாடு வந்திருந்தால் எதிர்ப்பு இவ்வளவு வேகம் பெற்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

மே மாதத்தில் கோயம்புத்தூர் போக வேண்டியவர்கள்

ஆனால் ஊரின் இன்னொரு பாதி சங்கம் வைத்துப் பேசுவதில்லை. அரசு ஊழியர்கள், தோட்டத் தொழிலாளர்கள், காய்கறி விவசாயிகள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் ஆகியோருக்குச் சுற்றுலாவால் நேரடி வரவு மிகக் குறைவு; செலவோ அன்றாடம். நீலகிரியில் பலகாலமாகத் தீவிர சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளைக் கோயம்புத்தூருக்குத்தான் அனுப்பிவந்தார்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டதே 2025 ஏப்ரலில்தான். மலைப்பாதையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்ட நாளில் ஆம்புலன்ஸில் உடன் சென்ற உறவினருக்குச் சுற்றுலா வருவாய் பற்றிய புள்ளிவிவரம் எதுவும் ஆறுதல் தராது.

சீசன் காலத்தில் காவல்துறை ஒருவழிப் பாதை முறையைக் கொண்டுவருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வாகனங்கள் குன்னூர் வழியாகவும், இறங்கும் வாகனங்கள் கோத்தகிரி வழியாகவும் அனுப்பப்படுகின்றன. பயணிக்கு இது வசதி. குன்னூரில் இருந்துகொண்டு மேட்டுப்பாளையம் போக விரும்புபவருக்கோ, கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் நிலை. சுற்றுலாத் தலமாகப் பெரிய வருமானம் காணாத கோத்தகிரிச் சாலையோர ஊர்கள், ஊட்டியில் பணம் செலவழித்துவிட்டுத் திரும்பும் வாகனங்களின் நெரிசலை மட்டும் ஏற்றுக்கொள்கின்றன. விடியுமுன் தோண்டிக் கழுவி மூட்டை கட்டிய கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏலநேரத்துக்குள் சேர்க்க வேண்டிய விவசாயிக்கும் இதே கவலை. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே வரவு ஓரிடத்திலும் சுமை வேறிடத்திலும் விழுகின்றன.

தண்ணீர் இன்னொரு புண். ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியும், குன்னூருக்கு ரேலியா அணையும் முக்கிய நீராதாரங்கள். பயணிகள் குவியும் ஏப்ரலும் மேயும்தான் இவற்றில் நீர்மட்டம் தாழும் மாதங்கள். குன்னூரின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் வருவது பல நாட்களுக்கு ஒருமுறை என்ற நிலை நெடுங்காலமாக இருந்துவருகிறது. பக்கத்து வீடு காட்டேஜாகி, அங்கே லாரித் தண்ணீர் இறங்குவதைக் குடத்தோடு நின்று பார்க்கும் வீட்டுக்காரரிடம் எழும் கசப்பு பயணியின் மீதானதல்ல. தெருவில் எந்த வீடு விடுதியாகலாம், எது கூடாது என்று தீர்மானித்தவர் யார் என்ற கேள்வியிலிருந்து எழுவது அது. கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் 1993-இன் மாஸ்டர் பிளான் விதிகளைக் காட்டித் தன் பிள்ளைக்கு ஓர் அறை கட்ட அனுமதி மறுக்கப்பட்ட ஒருவர், எதிரே பல அடுக்கு விடுதி எழுவதைக் காணும்போது அந்தக் கசப்பு இரட்டிக்கிறது.

மசினகுடி: வேறொரு கணக்கு

மலையின் வடசரிவில், முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமியில் நிலைமை இன்னும் சிக்கலானது. யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் குறித்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் வழித்தட அறிவிப்பை உறுதிசெய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 11 விடுதிகளுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, தனிப்பட்ட ஆட்சேபங்களைக் கேட்க ஒரு குழுவை அமைத்தது.

காட்டுயிர் ஆர்வலருக்கு இது தெளிவான வெற்றி. எனக்கும் தீர்ப்பின் நோக்கத்தில் ஐயமில்லை. ஆனால் மசினகுடி, பொக்காபுரம் பகுதிகளில் வாழும் இருளர், குறும்பர் குடும்பங்களிலும் பிற ஏழைக் குடும்பங்களிலும் பலர் இந்த விடுதிகளில் காவல், சமையல், துப்புரவு வேலைகளிலும், ஜீப் ஓட்டுவதிலும் பிழைத்தவர்கள். புலிகள் காப்பகத்தின் கட்டுப்பாடுகளால் மேய்ச்சலும் காடுசார் தொழில்களும் ஏற்கெனவே குறுகிய இடம் இது. விடுதி மூடப்பட்டபோது முதலாளிக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருந்தது. தொழிலாளிக்கு மசினகுடி மட்டுமே இருந்தது. வழித்தட எல்லைக்குள் தங்கள் நிலமும் வந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்ததால், விடுதிக்காரரின் எதிர்ப்பில் ஏழைகளின் குரலும் கலந்தது. அதை விலைக்கு வாங்கப்பட்ட குரல் என்று சிலர் அப்போது சாடினார்கள். அது மிகத் தவறான வாசிப்பு.

2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிக்கு அருகே வந்த யானையின் மீது எரியும் டயர் வீசப்பட்டு, அந்த யானை இறந்தது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. அனுமதியற்ற விடுதிகள் மீது நிர்வாகம் பெருமளவில் நடவடிக்கை எடுத்தது. தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்த மக்களுக்கு அந்தச் சம்பவம் தந்த வலி தனிவகை. தங்கள் ஊரின் பெயரே கொடுமைக்கு அடையாளமாகிவிட்டதே என்ற வெட்கமும், அதைச் செய்த தொழிலின் மீதான கோபமும், அதே தொழிலைச் சார்ந்த தங்கள் கூலி போய்விடுமே என்ற பயமும் ஒன்றாக எழுந்தன. ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’, ‘நடுநிலை’ என்று மூன்று கட்டம் போட்ட கேள்வித்தாளில் இந்த மனநிலையை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

தோடர்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாகவேனும். இரண்டாயிரத்தை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட இச்சமூகத்தின் உருவமும் கோயிலும் ஊட்டி விளம்பரங்களில் இடம்பெறாத இடமில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல், பெண்களின் கைக்கு நேரடியாகப் பணம் தரும் தொழிலாக இருக்கிறது. அதை வாங்குபவர்களில் பயணிகள் முக்கியமானவர்கள். அதே பயணி அழைப்பின்றி மந்துக்குள் (தோடர் குடியிருப்புக்குள்) நுழைந்து, பெண்கள் செல்லாத புனித எல்லை வரை கேமராவுடன் நடப்பதும் நிகழ்கிறது. துணியை விற்க விரும்புவதும் வாசலை அடைக்க விரும்புவதும் முரணல்ல. இரண்டையும் தானே தீர்மானிக்கும் உரிமை அந்த மந்துக்கு இருக்க வேண்டும்.

ஒத்துக்கொண்ட இடங்கள்

எதிலும் இணக்கமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரி மாவட்டம் மாநிலத்துக்கு முன்பே தடை போட்டது. 2000-களின் தொடக்கத்தில் அப்போதைய ஆட்சியர் சுப்ரியா சாகு காலத்தில் தொடங்கிய இயக்கம் அது. கடைக்காரருக்கு நட்டம் உண்டு, ஆயினும் தடை பெருமளவில் ஏற்கப்பட்டு, ஊரின் பெருமையாகவே ஆனது. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திரும்பத் தரும் திட்டத்தை 2022 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் முதலில் நடைமுறைப்படுத்தச் சொன்னதும் நீலகிரியில்தான். காட்டோரத்தில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்ற காரணம் உள்ளூரில் எவருக்கும் விளக்கத் தேவைப்படவில்லை.

இவ்விரண்டுக்கும் இ-பாஸுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. பிளாஸ்டிக் தடையும் பாட்டில் திட்டமும் ஆண்டு முழுவதும், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லாருக்கும் ஒன்றே. எவருடைய பருவ வருமானத்தையும் அவை தனித்துத் தொடவில்லை. செலவும் பயனும் ஒப்பிடப்பட்டே மனப்போக்கு உருவாகிறது என்று ஆய்வாளர் ஜான் ஆப் (John Ap) 1992-இல் விளக்கிய சமூகப் பரிமாற்றக் கோட்பாடு இந்த அளவில் நீலகிரிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்தக் கோட்பாடு ஒன்றை அடக்கி வாசிக்கிறது. கணக்கில் இழப்பு இருந்தாலும், முடிவெடுத்த இடத்தில் தானும் இருந்தோம் என்று உணர்பவர் இழப்பைத் தாங்குகிறார். இ-பாஸ் விவகாரத்தில் நீதிமன்றமும் அரசுத் துறைகளும் நிபுணர்களும் பேசினார்கள், பிறகு வணிகர்கள் தெருவில் பேசினார்கள். கோத்தகிரிச் சாலையோரத்துக் கிராமமோ, குன்னூரில் குடத்தோடு நிற்பவரோ, மசினகுடியின் தினக்கூலியோ எந்த மேடையிலும் கேட்கப்படவில்லை.

வாகனங்களை எண்ணுவதன் குறையும் இதனோடு சேர்ந்ததே. ஐம்பது பேரை ஏற்றிவரும் சுற்றுலாப் பேருந்தும் ஒருவர் ஓட்டிவரும் காரும் எண்ணிக்கையில் ஒன்றுதான். காலையில் ஏறி, கொண்டுவந்த சோற்றைச் சாலையோரத்தில் தின்று, மாலையில் இறங்கிவிடும் வாகனமும், மூன்று நாள் தங்கி உள்ளூர் டாக்சியில் சுற்றும் குடும்பமும் ஒன்றாகவே கணக்கிடப்படுகின்றன. முன்னதால் ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும். பின்னதால்தான் வர்க்கிக்காரருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பு. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் அளித்த விலக்கை விரித்து, மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறி, மேலே உள்ளூர் வாடகை வண்டியில் சுற்றும் ஏற்பாட்டை வலுப்படுத்தியிருந்தால், ஓட்டுநரின் நலனும் ஆம்புலன்ஸின் வழியும் ஒரே பக்கத்தில் நின்றிருக்கும். கடையடைப்பில் கலந்துகொண்ட டாக்சிக்காரர் உத்தரவின் ஆதரவாளராகவே மாறியிருக்கக்கூடும்.

தாங்குதிறன் ஆய்வைச் செய்பவர்கள் சாலையின் அகலத்தையும் அணையின் கொள்ளளவையும் அளப்பார்கள், அது அவசியம். மக்களின் கருத்தைத் திரட்டும்போது மட்டும் அதை மே மாதத்தோடு முடித்துவிடக் கூடாது. சீசன் உச்சத்தில் கேட்டால் நெரிசல் பதில் சொல்லும். மழையில் கடைகள் வெறிச்சோடும் ஜூலையில் கேட்டால் தவணை பதில் சொல்லும். இரண்டு பருவத்திலும், ஊட்டியின் கடைவீதியில் மட்டுமின்றிப் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் மந்துகளிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் சீகூர்ப் பகுதிக் குடியிருப்புகளிலும் அதே குடும்பங்களிடம் திரும்பக் கேட்க வேண்டும். கிராமசபைகளில் வரைவு எண்ணிக்கையை வைத்து விவாதித்த பிறகே அடுத்த கோடைக்கான வரம்பை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.